இந்து வீட்டில் கிறிஸ்மஸ் மரம்: உங்கள் வீட்டிலும் இருந்ததா?

ரயில்வே குவாட்டர்ஸ் (செந்தூல்)

மகளுக்கு ஏழு வயது. இந்த வருடம் வீட்டில் கிறிஸ்மஸ் மரம் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அண்ணியோ, "விளக்கேத்துற வீட்டுல இதெல்லாம் எதுக்கு" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். அதற்குக் கீழே பெரியப்பா ஒரு கும்பிடு போட்டிருக்கிறார். யாருக்குப் போட்டார் என்று இன்னும் தெரியவில்லை.

எனக்கு இதில் என்ன தப்பு என்று புரியவில்லை. நான் வளர்ந்த வீட்டிலேயே மரம் இருந்தது. அப்பாவுக்குக் கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. குவாட்டர்ஸில் எங்களுக்கு இடப்பக்கம் ஒரு வேதக்கார (கிறிஸ்துவ) குடும்பம், வலப்பக்கம் பஞ்சாபிகள், எதிரே மலாய்க்காரர். 80களின் நடுவில் அப்பா எங்கிருந்தோ முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தார். பால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும். அம்மா மருந்துப் பெட்டியில் இருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அதன்மேல் வைப்பார், அதுதான் பனி. மத்தியானம் காற்றாடியைப் போட்டால் பனி பறந்துபோய் சாமி மேடையில் உட்கார்ந்துகொள்ளும். உச்சியில் நட்சத்திரம் வேண்டுமே? மாமாவின் சிகரெட் பாக்கெட்டிலிருந்து உருவிய வெள்ளித் தாள்.

அப்போதெல்லாம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். டிசம்பர் முழுக்க லீவு. 24ஆம் தேதி ராத்திரி பக்கத்து வீட்டார் நடுச்சாமப் பூசைக்குப் போய்வருவார்கள். விடிந்ததும் வேலிக்கு மேல் ஒரு தட்டு வரும். கேக், அச்சு முறுக்கு, இரண்டு ஆரஞ்சு. அம்மா எந்தத் தட்டையும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை, ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்.

இதனால் எங்கள் வீட்டில் யாரும் மதம் மாறிவிடவில்லை. அப்பா பத்துமலைக்குக் காவடி எடுத்தவர். உங்கள் வீடுகளில் எப்படி? மரம் உண்டா, இல்லையா? இன்றைக்கு வைக்கலாமா, கூடாதா?

தண்ணீர்மலை (பினாங்கு)

ஞாபகம் நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் கேட்ட கேள்விக்கு என் பதில், வேண்டாம்.

அந்த மர ஆசை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் செயின்ட் சேவியர்ஸும் லைட் ஸ்திரீட் கான்வென்ட்டும் 1852லேயே வந்துவிட்டன. உங்கள் கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899, செயின்ட் ஜான்ஸ் 1904. கவர்மெண்ட் வேலை வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்குப் போகவேண்டும். என் அம்மாவும் கான்வென்ட் பிள்ளைதான். கேரல் பாட்டு எல்லாம் இன்றைக்கும் மனப்பாடம். திருப்புகழில் ஒரு வரி கேட்டால் சமையலறைக்குள் போய்விடுவார். பிள்ளைகளுக்கு மரம் வைத்துக் கொடுத்ததை நாகரிகம் என்று நினைத்த ஒரு தலைமுறை அது.

இன்னொன்று. எந்த வேதக்கார வீட்டிலாவது, பிள்ளை ஆசைப்பட்டது என்று தைப்பூசத்துக்குக் கூடத்தில் சின்னதாக ஒரு காவடி வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? வரத்து மட்டும் உண்டு, போக்கு இல்லை.

கடைத்தொகுதிகளைப் பாருங்கள். நவம்பரிலேயே நாலு மாடி உயரத்துக்கு மரம் எழும்பிவிடுகிறது. தீபாவளிக்கு என்ன வைக்கிறார்கள்? தரையில் சாயம் போட்ட அரிசிக் கோலம், அதைச் சுற்றி ஒரு கயிறு, மிதிக்காதே என்று ஒரு அட்டை. கிறிஸ்மஸ் நாடு முழுவதும் பொது விடுமுறை. தீபாவளிக்குச் சரவாக்கில் விடுமுறை இல்லை. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலேயே 2008ல்தான் கொடுத்தார்கள். 2020 மலேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 6.1 விழுக்காடு, கிறிஸ்துவர்கள் 9.1. வெளியே போனாலே கண்ணை நிறைக்கும் பண்டிகைக்கு வீட்டுக்குள்ளும் இடம் விட்டால், நம் பிள்ளைக்கு எது நம்முடையது என்று யார் சொல்லித் தருவது?

மாதாகோயில் தெரு (பிரிக்பீல்ட்ஸ்)

தம்பிகளா, நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பது என் வீட்டுப் பண்டிகையைப் பற்றி, அதனால் நானும் வருகிறேன். நான் கத்தோலிக்கத் தமிழச்சி. பாட்டி காலத்திலிருந்து தமிழில்தான் பூசை பார்க்கிறோம்.

முதலில் மரத்தைப் பற்றி. எங்கள் வீட்டுக்கு மரம் பிற்பாடுதான் வந்தது. அதற்கு முன்னால் குடில்தான் எல்லாம். டிசம்பர் பிறந்ததும் அம்மா காலி சார்டின் டின்களைக் கழுவி வரிசையாக வைப்பார். உள்ளே ஈரத்துணி, அதன்மேல் கேழ்வரகு. தினமும் காலையில் கையால் தண்ணீர் தெளிக்கவேண்டியது என் வேலை. பண்டிகைக்குள் விரல் நீளத்துக்குப் புல் வந்துவிடும், டின்னோடு தூக்கிக் குடிலைச் சுற்றி வைத்தால் பெத்லகேம். சிமெண்ட் பைக் காகிதத்தைக் கசக்கிக் கரித்தூள் பூசினால் மலை. அப்பாவின் சவரக் கண்ணாடி குளம். அது குளமாக இருக்கிறவரைக்கும் அவர் அலமாரிக் கண்ணாடியில் முகம் பார்த்துக் கன்னத்தைக் கீறிக்கொள்வார்.

ஒரு வருடம் மாடு உடைந்துபோனது. பக்கத்து வீட்டு அத்தை தன் கிருஷ்ணர் பொம்மையோடு இருந்த மாட்டைக் கொடுத்தனுப்பினார். கழுத்தில் சலங்கை, நெற்றியில் திலகம், அப்படியே போய் சூசையப்பர் பக்கத்தில் நின்றது. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் ஜனவரியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். பாலன் இயேசுவை மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவுக்கு முன்னால் தொட்டிலில் வைக்கக்கூடாது. அதுவரைக்கும் வெறும் வைக்கோல்தான்.

ரயில்வே தம்பி, கோபப்படாதீர்கள். உங்கள் வீட்டில் மரம் இருந்தது, பஞ்சுப் பனி இருந்தது, குடில் இருந்ததா? பாலன் இருந்தாரா? யார் பிறந்தநாள் என்று பிள்ளைக்குச் சொன்னீர்களா? மரத்தை எடுத்துக்கொண்டு குழந்தையை எங்களிடமே விட்டுவிட்டு "நாங்களும் கிறிஸ்மஸ் கொண்டாடினோம்" என்று சொல்லும்போது எனக்கு லேசாக உறுத்துகிறது.

தண்ணீர்மலைத் தம்பி, காவடி வைக்கவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொங்கலுக்கு எங்கள் கோயில் வாசலில் பானை வைக்கிறோம், கரும்பு கட்டுகிறோம். பூசையில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். அப்புறம் அந்த 9.1 கணக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள். அதில் பெரும்பகுதி சபாவும் சரவாக்கும். தமிழ் வேதக்காரர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் தேடிப்பாருங்கள், உங்களுக்கும் தெரியும்.

ரப்பர்கொட்டை

மூன்று பேருமே பட்டணத்துப் பிள்ளைகள். கேக், கேரல், குடில். நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன், கோலசிலாங்கூர் பக்கம். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கிறிஸ்மஸ் என்று ஒன்று கிடையாது. அது துரை பங்களாவில் நடக்கும், கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டில் நடக்கும். தோட்டக்காரர் பங்களாவிலிருந்து திரும்பிவந்து, அங்கே எரிந்த விளக்கைப் பற்றிச் சொல்வார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். அதுதான் எங்கள் கிறிஸ்மஸ். ஆகவே "இந்துக் குடும்பங்களில் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கும்போது எந்தக் குடும்பங்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளத்தில் மரம் வாங்க மிச்சம் இருந்த குடும்பங்கள்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபிறகு கோலாலம்பூரில் அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கேதான் முதன்முதலில் கேரல் பாட வந்தவர்களைப் பார்த்தேன். கிட்டாரோடு படியேறி வந்தார்கள், அன்பாகப் பேசினார்கள், காய்ச்சலில் கிடந்த என் சித்திக்காக ஜெபம் செய்தார்கள். நன்றி மறக்கக்கூடாது, அந்த நேரத்தில் வேறு யாரும் எட்டிப்பார்க்கவில்லை. நம் கோயில் நிர்வாகம் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு மட்டும்தான் வரும்.

சித்தி குடும்பம் மாறியது. மாறியது அவர்கள் விருப்பம். ஆனால் அடுத்த தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டுபோனபோது, சின்ன வயதில் என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்ற தங்கச்சி வாசலிலேயே நின்று கேட்டாள்: "அண்ணே, இது படைச்சதா?" படைத்ததுதான். டின்னோடு திரும்பி வந்தேன்.

ரயில்வே அண்ணனின் வேலித் தட்டு ஞாபகம் உண்மைதான். ஆனால் எல்லார் வேலியிலும் தட்டு போய்வரவில்லை. மரம் வைக்கலாமா என்று கேட்டால், எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். காரணம் மதம் இல்லை.

ரயில்வே குவாட்டர்ஸ் (செந்தூல்)

எல்லாரும் சேர்ந்து என் பால் பாட்டில் பிரஷ்ஷின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அக்கா, மரம் உங்களுடையதும் இல்லையே. அது ஜெர்மன்காரர்கள் பழக்கம். விக்டோரியா ராணியும் அவர் ஜெர்மன் கணவரும் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848ல் லண்டன் பத்திரிகையில் வந்தபிறகுதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது. வத்திக்கான் சதுக்கத்திலேயே 1982ல்தான் முதல் மரம் வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் செந்தூலுக்கும் ரோமுக்கும் அதிக வருட வித்தியாசம் இல்லை. குடில்தான் பழையது, 1223ல் அசிசி பிரான்சிஸ் ஆரம்பித்தது, அதை நான் தொடவில்லை. உங்கள் சாமியை எடுத்து விளையாட்டுப் பொருளாக வைப்பதுதான் மரியாதைக் குறைவு என்று அப்பா நினைத்திருப்பார்.

தண்ணீர்மலைத் தம்பி, நீங்கள் சொல்லும் மிஷன் பள்ளிக் கதை எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அப்பா படித்தது தமிழ்ப்பள்ளி, ஆறாம் வகுப்பு வரை. அம்மா அதுவும் இல்லை. மரம் வந்ததற்குக் காரணம் தங்கை பக்கத்து வீட்டு மரத்தடியை விட்டு எழுந்து வரமறுத்து அழுதது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

ரப்பர்கொட்டை, உங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தங்கச்சி கேட்டது கஷ்டமாக இருக்கிறது.

தண்ணீர்மலை (பினாங்கு)

தமிழ்ப்பள்ளி அப்பா என்றால் அந்த வாதத்தை உங்கள் வீட்டுக்கு மட்டும் வாபஸ் வாங்குகிறேன். மற்ற வீடுகளுக்கு அது நிற்கும்.

நான் மதவெறி பிடித்துப் பேசவில்லை. என் பாட்டி வருடா வருடம் ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் (செயின்ட் ஆன்ஸ் சர்ச்) திருவிழாவுக்குப் போவார். அதிகாலையில் ஃபெரி பிடித்துப் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ். ஆள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றுவார். ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைப்பார். காய்ச்சல் வந்தால் எங்கள் நெற்றியில் தடவுவார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடு நிற்பதை இப்போது போனாலும் பார்க்கலாம்.

அதே பாட்டி வீட்டில் மரம் வைக்கவிடவில்லை. "அவங்க பண்டிகை அவங்க வீட்டுல, நாம போய்ப் பார்ப்போம்" என்பார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. கிறிஸ்மஸ் அன்று நாங்கள் குளித்து, தீபாவளிச் சட்டையையே இன்னொரு முறை போட்டுக்கொண்டு, அப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போவோம். வாசலில் கண்ணாடி பாட்டில் ஆரஞ்சு பானம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். அந்த வீட்டுக்கு மட்டும்தான் அந்த வாசனை உண்டு. வெண்ணெய், பிராந்தி, புதுப் பெயிண்ட். எங்கள் வீட்டிலும் ஒரு மரம் இருந்திருந்தால் ஆயர் ஈத்தாம் வரைக்கும் பஸ்ஸில் போயிருப்போமா? மகளுக்கு மரம் வாங்கித் தருவதற்கு முன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு வேதக்கார வீடு இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணே. அது இல்லாமல் வெறும் மரத்தை வைத்தால் அது கடைத்தொகுதியின் கிளைதான்.

ரயில்வே குவாட்டர்ஸ் (செந்தூல்)

பிள்ளையாருக்குப் பக்கத்தில் அன்னம்மாள் தண்ணீர் வைத்த வீட்டிலிருந்து வந்து, என் பிளாஸ்டிக் மரத்தைக் கலப்படம் என்கிறீர்கள் தம்பி. பாட்டி செய்ததுதான் நிஜமான கலப்பு. நான் வைத்தது அலங்காரம்.

எல்ஆர்டி பயணி (பூச்சோங்)

படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சந்தேகம், எல்லாரும் ஏன் வேலி, வாசல், பக்கத்து வீடு என்றே பேசுகிறீர்கள்? நான் பிறந்ததே கொண்டோமினியத்தில். பக்கத்து யூனிட்டில் இருப்பவர் என்ன மதம் என்று தெரியாது, அவர் நாய் பெயர் மட்டும் தெரியும். கார்டிடம் பதிவு செய்யாமல் மேலே யாரும் வரமுடியாது, கேரல் பாட வருபவர்களும்தான். என் சின்ன வயதுக் கிறிஸ்மஸ் என்றால் கேஎல்சிசி கடைத்தொகுதியில் மரத்துக்கு முன்னால் அம்மா எடுத்த போட்டோ, அப்புறம் ஏர்கான் குளிர். இதை ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர்மலை அங்கிள் அதைக் கடைத்தொகுதியின் கிளை என்கிறார். எங்களுக்கு அதுதான் தலைமையகம்.

பாப்பாவுக்கு மரம் வாங்கிக் கொடுங்கள் அங்கிள். மிஞ்சிப்போனால் இரண்டு வருடம் கேட்பாள், மூன்றாவது வருடம் போன் கேட்பாள்.

மாதாகோயில் தெரு (பிரிக்பீல்ட்ஸ்)

இந்தப் பூச்சோங் பிள்ளை சொல்வதும் நியாயம்தான். என் பேரப்பிள்ளைகளே குடிலைவிட மரத்தடியில்தான் உட்காருகிறார்கள்.

ரப்பர்கொட்டை தம்பி, உங்கள் தங்கச்சி விஷயம். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது சில சபைகளில் கண்டிப்பு. எங்களில் பெரும்பாலோர் அப்படிப் பார்ப்பதில்லை, தீபாவளிக்கு நான் சாப்பிடாத அதிரசம் பிரிக்பீல்ட்ஸில் இல்லை. ஆனால் "நாங்க அப்படி இல்ல" என்று சொல்லி நான் நழுவிவிட்டால் அது உங்களுக்கு ஆறுதலாகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பண்டிகைக்கு இரண்டு அடுப்பு எரியும். எங்கள் ஆட்களுக்கு மாட்டிறைச்சி, உங்கள் ஆட்களுக்குத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு ஆட்டுக்கறி. மலாய்க்கார நண்பர்களுக்கு ஹலால் கடையிலிருந்து பிரியாணி. அம்மா அந்தக் கரண்டிக்குச் சிவப்பு நூல் கட்டி வைப்பார், மாறிவிடக்கூடாது என்று. யாரும் எங்களை மாட்டுக்கறி சாப்பிடாதே என்று சொல்லவில்லை, நாங்களும் யாரையும் சாப்பிடு என்று வற்புறுத்தவில்லை. உங்கள் தங்கச்சிக்கும் ஒரு தனிச் சட்டி வையுங்கள். பூசையறைக்குப் போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் முறுக்கை வேறு டின்னில் எடுத்து வைத்தால் என்ன? படைக்காதது என்று சொல்லிக் கொடுங்கள்.

ரப்பர்கொட்டை

எடுத்து வைக்கலாம் அக்கா. ஆனால் ஏன் எப்போதும் நான்தான் தனிச் சட்டி வைக்கவேண்டும்? அவள் எனக்காக எதை ஒதுக்கி வைத்தாள்?

மாதாகோயில் தெரு (பிரிக்பீல்ட்ஸ்)

அண்ணனாகப் பிறந்தீர்களே, அதனால்தான். வேறு பதில் என்னிடம் இல்லை.

தண்ணீர்மலை (பினாங்கு)

அக்காவிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆயர் ஈத்தாம் வீட்டில் கொடுத்த சுஜி கேக் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை. கடைகளில் விற்பது வாயில் நறநறக்கிறது. மரம் வைக்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன், சுஜி கேக் செய்யும் வீட்டுக்கு எந்த மதமானாலும் வருவேன்.

மாதாகோயில் தெரு (பிரிக்பீல்ட்ஸ்)

நறநறக்கிறது என்றால் ரவையை ஊறவிடவில்லை என்று அர்த்தம். வெண்ணெயை நன்றாகக் குழைத்து, ரவையை அதில் கலந்து மூடி வைத்துவிடவேண்டும், ராத்திரி வைத்தால் காலையில் சரியாக இருக்கும். வெள்ளைக்கருவைவிட மஞ்சள்கரு அதிகம் போடவேண்டும், பாதாமை அரைத்துப் போடவேண்டும், பிராந்தி ஒரு மூடி. எங்கள் பக்கத்தில் இருந்த யுரேஷியப் பாட்டி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. பிராந்தி வேண்டாதவர்களுக்கு ரோஸ் எசன்ஸ். ரயில்வே தம்பி, 25ஆம் தேதி காலை பதினொரு மணிக்குமேல் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விலாசத்தைத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். கார் நிறுத்த இடம் கிடைக்காது, ரயிலில் வந்துவிடுங்கள். குடிலுக்குக் கேழ்வரகு போட்டாயிற்று.

ரயில்வே குவாட்டர்ஸ் (செந்தூல்)

வருகிறோம் அக்கா. மரமும் வாங்கியாயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.